குன்னூரில் தளர்ந்த மூடிகள்: சிறு முறுக்கு விசைக் கருவிகளைச் சோதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு ஐப்பசி மழை கனத்திருந்த நேரத்தில் குன்னூரில் உள்ள ஒரு சிறு உற்பத்திக் கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஒன்பது பேர் வேலை செய்யும் இடம். தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சைக் கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்கு மேலே பொருத்துகிற ஈரப்பத, வெப்பநிலைப் பதிவுப் பெட்டிகளை அங்கே தயாரிக்கிறார்கள். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பெட்டி, மேலே ஒரு மூடி, இடையில் ரப்பர் கேஸ்கெட், நான்கு மூலையிலும் எம்3 (மூன்று மில்லிமீட்டர்) திருகுகள். மூடியின் உட்புறம் வியர்த்து, மின்சுற்றுப் பலகையில் பச்சை பூத்து, பல பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் மூடித் திருகுகள் விரல் நுனியால் திருப்பினாலே அசைந்தன.

நீலகிரியின் மழைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூரும் கோத்தகிரியும் அதிகம் நனைவது வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகவே கோடையில் தயாரான பெட்டியின் குறை ஐப்பசியில்தான் வெளியே தெரியும். அதுவரை எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள்.

நான் உதகை இந்து நகரில் இருந்த ஃபிலிம் தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் தொழில் பழகியவன். இப்போது தேயிலைத் தொழிற்சாலைகளின் அளவு கருவிகளைப் பார்த்துக்கொடுத்துக் காலம் தள்ளுகிறேன். முறுக்கு விசை, அதாவது திருகைத் திருப்பி இறுக்கும் வலு, என் முதன்மைத் துறை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த வேலையில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இறுக்கும் கருவியைத் தவறாகச் சோதிக்கிற கூடங்கள் கோவையிலும் ஓசூரிலும்கூட இருக்கும் என்பது என் ஊகம்.

கேஸ்கெட் மேல் விழுந்த பழி

நான் போய்ச் சேர்வதற்குள் முதலாளி குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கேஸ்கெட். அதை மாற்றி வேறு ரப்பரில் வாங்கப் பணமும் கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரப்பரை இறுக்கினால் அது மெல்ல அமுங்கி இளகும். இன்று இறுக்கிய திருகு நாளைக்குச் சற்றுத் தளர்வாகத்தான் இருக்கும். கேள்வி, எவ்வளவு தளர்வு என்பது.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. திருகின் தலையிலும் மூடியிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். திருகைக் கொஞ்சம் தளர்த்தி, அளவுகாட்டும் கை ஸ்க்ரூடிரைவரால் கோடுகள் மறுபடி சேரும்வரை இறுக்கி, அந்தக் கணத்தில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழற்றும்போது தேவைப்படும் விசையை அளப்பதைவிட இது நம்பகமானது. கழற்றும் விசை உராய்வின் கதையை மட்டுமே சொல்லும்.

வரைபடம் கேட்பது 0.50 நியூட்டன் மீட்டர், பத்து சதவீதம் கூடக் குறைய. முந்தைய நாள் மாலை வரிசையிலிருந்து இறங்கிய ஆறு புதிய பெட்டிகளை எடுத்துக் கோடு கிழித்துப் பார்த்தேன். 0.28 முதல் 0.33 வரை. பிறகு ஒரு பெட்டியை நானே கை ஸ்க்ரூடிரைவரால் சரியாக 0.50க்கு இறுக்கி, ஓர் இரவு விட்டு, காலையில் அதே முறையில் பார்த்தேன். 0.44 இருந்தது. கேஸ்கெட் தின்றது அவ்வளவுதான். மீதி விசை பெட்டிக்குள் போகவே இல்லை.

"அப்படியானால் மின் ஸ்க்ரூடிரைவர்தான் சார். காலிபரேஷனுக்குக் கோவைக்கு அனுப்பித் திரும்பி வந்ததிலிருந்தே அது சரியில்லை" என்றார் முதலாளி. "ஐம்பத்தைந்து என்று சான்றிதழில் போட்டிருக்கிறார்கள். இங்கே வைத்துப் பார்த்தால் அறுபத்தாறு காட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவு. குலுங்கியே கெட்டுப்போயிருக்கும்."

ஆய்வகத்தின் மீதும் மலைப்பாதையின் மீதும் ஒரே மூச்சில் பழி போட்டுவிட்டார். நான் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். கிளட்ச் வளையம் (எந்த விசையில் மோட்டார் விட வேண்டும் என்று அமைக்கும் வளையம்) 6 என்ற குறியில் இருக்கும்போது சராசரி 0.55 நியூட்டன் மீட்டர், அதாவது 55 சென்டி நியூட்டன் மீட்டர், கடின இணைப்பு அடாப்டரில் எடுத்த அளவு என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். கருவியைப் பார்த்தேன். வளையம் நாலரையில் இருந்தது.

யார் திருப்பியது? வரிசையைக் கவனித்துக்கொள்ளும் அக்கா தயங்காமல் நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு நாள் காலையும் ஏழரை மணிக்குச் செய்த சோதனை, தேதி வாரியாக, அழகான கையெழுத்தில் இருந்தது. கருவி திரும்பி வந்த மறுநாள் பதிவு: "66. அதிகம். வளையம் குறைத்து 50க்குக் கொண்டுவரப்பட்டது." அடுத்தடுத்த நாட்கள் எல்லாம் 50, 49, 52, 50. இவ்வளவு ஒழுங்காக நோட்டு எழுதும் கூடங்களை நான் அதிகம் கண்டதில்லை. அந்த ஒழுங்குதான் தவறை நாள் தவறாமல் காத்து வைத்திருந்தது.

காலை ஏழரை மணிச் சோதனை

"எப்படிச் சோதிக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் அக்கா" என்றேன்.

மேசையில் திருகாணி போட்டு இறுக்கிய ஒரு சிறிய டெஸ்டர். 2 நியூட்டன் மீட்டர் வரை அளப்பது, வாங்கி இரண்டு ஆண்டு. அதன் நடுவில் அறுகோணக் குழி. மின் ஸ்க்ரூடிரைவரின் பிட்டை, அதாவது திருகில் பொருந்தும் முனையை, கழற்றி, அறுகோணத் தண்டு ஒன்றை மாட்டி, குழிக்குள் நேராகச் சொருகி விசையை அழுத்தினார். "டக்." கிளட்ச் விட்டது. திரையில் 51. மறுபடி. 47. மறுபடி. 54. சராசரி சரிதான் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

கை ஸ்க்ரூடிரைவரை இப்படிச் சோதிக்கலாம், தவறே இல்லை. மனிதக் கை மெதுவாகத்தான் முறுக்கும். கை முறுக்குக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலையும் கடைசிப் பகுதி விசையை நிதானமாக ஏற்றச் சொல்கிறது. முறுக்கு ஸ்க்ரூடிரைவர்களுக்கு அது அனுமதிக்கும் விலகல் ஆறு சதவீதம். அந்தக் கூடத்தில் உணரி முனையங்களுக்குப் பயன்படுத்திய இரண்டு கைக் கருவிகளும் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறின.

மோட்டார் வைத்த கருவி வேறு சாதி. அதன் உள்ளே சுழலும் ரோட்டருக்கு எடையும் வேகமும் உண்டு. டெஸ்டரின் குழி அசையாதது. பிட்டுக்கும் குழிக்கும் இடையே இருக்கும் சிறு இடைவெளியிலும், பல்சக்கரங்களின் ஆட்டத்திலும் மோட்டார் வேகம் பிடித்து, சட்டென்று சுவரில் மோதுவதுபோல நிற்கிறது. அந்த மோதலின் ஆற்றல் முழுவதும் டெஸ்டரின் உணரியில் இறங்குகிறது. கிளட்ச் பந்து மேடேறி மின்சாரத்தைத் துண்டிப்பதற்குள் ஒரு கூர்மையான உச்சம் வந்து போய்விடுகிறது. உச்சத்தைப் பிடித்துவைப்பதுதான் டெஸ்டரின் வேலை. அது விசுவாசமாக அந்த உச்சத்தைக் காட்டுகிறது. திரையில் தெரியும் 50 என்பது கிளட்சின் அமைப்பும் மோதலும் சேர்ந்த கூட்டுத்தொகை. பெட்டி மூடியில் அந்த மோதல் கிடையாது. அங்கே கேஸ்கெட் மெதுவாக அமுங்க, விசை மெதுவாக ஏற, மோட்டார் வேகம் தணிந்து, கிளட்ச் தன் இயல்பான அளவில் விடுகிறது.

நடந்தது இதுதான். கோவை ஆய்வகம் கருவியைச் சரியாக அளந்து அனுப்பியது. இங்கே தவறாக அளந்து, சரியாக இருந்த கருவியைத் "திருத்தி" இருந்தார்கள்.

வட்டவாஷர் அடுக்கு

மறுமுறை போனபோது ரன்-டவுன் அடாப்டர் இரண்டு கொண்டுபோனேன். பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. கட்டைவிரல் அளவு எஃகு உருளை. அடிப்பகுதி டெஸ்டரின் குழியில் உட்காரும். உள்ளே மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு திருகு. திருகின் தலைக்கும் உருளைக்கும் நடுவே கிண்ணம்போல் குழிந்த ஸ்பிரிங் வாஷர்களின் அடுக்கு. பெல்வில் வாஷர் என்பார்கள். 1867இல் ஜூலியன் பெல்வில் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற பொருள், இன்னும் அதே வடிவத்தில் வேலை செய்கிறது. ஸ்க்ரூடிரைவர் திருகை இறக்க, வாஷர்கள் அமுங்க, ஒரு மெய்யான இணைப்பு இறுகுவதுபோலவே விசை படிப்படியாக ஏறும்.

வாஷர்களை எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம். குழிவும் குழிவும் எதிரெதிராக வைத்தால் அடுக்கு மென்மையாகும், திருகு அதிகம் சுற்ற வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்தால் கடினமாகும். கடின இணைப்பு என்று தொழிலில் சொல்வது, திருகு தொட்டதிலிருந்து இறுதி விசைக்குச் சுமார் 30 டிகிரியில் போய்விடுவதை. மென் இணைப்பு என்றால் இரண்டு முழுச் சுற்று, 720 டிகிரி வரைகூடப் போகும். மோட்டார் கருவிகளின் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 5393 இந்த இரு முனைகளையும் வைத்துத்தான் ஒரு கருவியை எடைபோடுகிறது. நம் பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் எந்த அடாப்டர் போட்டாலும் பயனில்லை.

கணக்கு எளிது. எம்3 திருகின் மரை இடைவெளி 0.5 மில்லிமீட்டர். கேஸ்கெட் அமுங்குவதும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆகவே மூடி தொட்டதிலிருந்து இறுகும்வரை ஒரு முழுச் சுற்று. திருகுத் தலையில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து, கையால் இறுக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வாஷர்களை ஒரு சுற்றுக்கு வருமாறு மாற்றி அடுக்கினேன். கூடத்தின் மூன்று மின் ஸ்க்ரூடிரைவர்களில் மூன்றாவது கருவி மின்சுற்றுப் பலகையை உலோகத் தூண்களில் இறுக்குவது. அங்கே புள்ளி பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றுகூட நகரவில்லை. அதற்குக் கடின அடாப்டர்.

முதல் கருவி, வளையம் நாலரையில் இருந்தபடியே, பத்துப் பத்து முறை. நேரடியாகச் சொருகியபோது 44 முதல் 57 வரை சிதறி, சராசரி 50 சென்டி நியூட்டன் மீட்டர். கடின அடாப்டரில் 38 முதல் 42, சராசரி 40. மூடிக்கு ஒத்த மென் அடாப்டரில் 33 முதல் 37, சராசரி 35. கருவி ஒன்று, கிளட்ச் அமைப்பு ஒன்று, டெஸ்டரும் ஒன்று, எண்கள் மூன்று. மூன்றும் உண்மையான எண்கள்தான். ஆனால் பெட்டி மூடிக்குச் சொந்தமானது கடைசி எண் மட்டும். ஓரிரவில் கேஸ்கெட் தின்றது போக முதல் நாள் நான் கோடு கிழித்துக் கண்ட 0.28 முதல் 0.33 வரையோடு அது பொருந்தியதைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் விட்டது.

அக்கா திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆறு மாதமாக ஐம்பது என்று எழுதியிருக்கிறேனே சார்" என்றார். அதற்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம்.

மென் அடாப்டரில் 50 வரும்வரை வளையத்தைத் திருப்பினோம். நின்ற இடம் ஏறக்குறைய பழைய 6. அந்த நிலையில் கடின அடாப்டர் 55 காட்டியது, ஆய்வகச் சான்றிதழில் இருந்த அதே எண். நேரடியாகச் சொருகினால் 66. முதலாளி மலைப்பாதையின் மேல் போட்ட பழி அத்தோடு தீர்ந்தது.

அடாப்டருக்கும் மரியாதை வேண்டும்

அடாப்டர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் அது இன்னொரு ஏமாற்றம். இரண்டு வாரம் கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். அளவு 50, 52, 55, 59 என்று ஏறிக்கொண்டே போகிறதாம். போய்ப் பார்த்தேன். புதிதாக வந்த பையன் சோதனை செய்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் திருகை முழுவதும் பின்னோக்கிக் கழற்ற நேரமாகிறது என்று கால் சுற்று மட்டும் திருப்பிவிட்டு மறுபடி இறக்கினான். வாஷர்கள் விரியவே இல்லை. திருகு சுற்றுவதற்கு இடமில்லாமல், பாதி மோதலாக, நேரடியாகச் சொருகிய பழைய கதைக்கே திரும்பியிருந்தது. வாஷர்கள் கையில் தளர்வாக ஆடும்வரை திருகைப் பின்வாங்க வேண்டும் என்பதை அவனுக்கு விரலால் ஆட்டிக் காட்டினேன். தலையை ஆட்டினான். அவன் வயதில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒரு கேள்வி முதலாளி கேட்டது, நியாயமான கேள்வி: அடாப்டரின் மரையில் உராய்வு இருக்கிறதே, அது அளவில் கலக்காதா? கலக்காது. அடாப்டர் முழுவதும் உணரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. திருகுத் தலையில் கொடுக்கும் விசை உராய்வாகப் போனாலும் ஸ்பிரிங்காகப் போனாலும் கடைசியில் உணரி வழியாகத்தான் மேசைக்கு இறங்க வேண்டும். ஆகவே எண் பொய்யாகாது. ஆனால் மரை வறண்டு கரகரத்தால், ஒரு சுற்றில் ஏற வேண்டிய விசை அரைச் சுற்றிலேயே ஏறிவிடும். அப்போது நாம் அளப்பது வேறு ஏதோ ஒரு இணைப்பை. மரையிலும் வாஷர்களுக்கு நடுவிலும் ஒரு பொட்டு கிரீஸ், வாரம் ஒருமுறை துடைத்து மறுபடி. திருகு தேய்ந்தால் புதிது வாங்கிப் போட்டுவிடலாம், விலை அதிகமில்லை.

அலகுக் குழப்பம் வேறு. வரைபடத்தில் நியூட்டன் மீட்டர், டெஸ்டரில் சென்டி நியூட்டன் மீட்டர், கருவியோடு வந்த விளக்கத்தாளில் கிலோகிராம் சென்டிமீட்டர். 0.50 நியூட்டன் மீட்டர் என்பது 5.1 கிலோகிராம் சென்டிமீட்டர். அதைக் கிளட்ச் வளையத்தில் இருக்கும் 5 என்ற குறியோடு குழப்பிக்கொண்டவர் அந்தக் கூடத்திலேயே ஒருவர் இருந்தார். வளையத்தில் உள்ள எண்களுக்கு அலகே கிடையாது. அவை வெறும் கோடுகள்.

இடையில் டெஸ்டரையும் காலிபரேஷனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதுவரை லாரிப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு டெஸ்டர் வாங்கித் தருவதாக முதலாளி சொன்னார். நல்ல மனது. ஆனால் அது 200 நியூட்டன் மீட்டர் அளக்கும் சாதனம். நமக்கு வேண்டிய அரை நியூட்டன் மீட்டர் அதன் முழு வீச்சில் கால் சதவீதம். மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தி நிறுப்பது போல. பத்து நாள் மின் கருவிகளை நிறுத்தச் சொன்னேன், கைக் கருவியால் மட்டும் இறுக்கினார்கள்.

தை மாதக் குளிர்

பொங்கல் முடிந்து போனபோது இன்னொன்று தெரிந்தது. ஏழரை மணிக்கு அந்தக் கூடத்துக்குள் வெப்பநிலை பத்து டிகிரியை ஒட்டி இருந்தது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே. கூரை தகரம். உதகையில் அந்த வாரம் புல்லில் உறைபனி. முதல் ஐந்தாறு அளவுகள் 54, 55, 53 என்று வந்து, இருபது முறை ஓட்டிய பிறகு 50இல் அமர்ந்தது. இரவெல்லாம் குளிர்ந்து கெட்டியான கிரீஸ் கிளட்சின் பந்துப் பாதையில் இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். கை முறுக்குக் கருவிகளின் தரநிலை 18 முதல் 28 டிகிரிக்குள் சோதிக்கச் சொல்கிறது. மலையில் தை மாதக் காலையில் அந்த 18ஐத் தொடுவது ஒரு தனி முயற்சி.

சோதனையை ஒன்பதரை மணிக்குத் தள்ளினோம், வெயில் தகரத்தில் விழுந்து, கருவியும் கொஞ்சம் ஓடிய பிறகு. அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. சோதிக்காத கருவியால் இரண்டு மணி நேரம் வேலை செய்வதா என்று கேட்டார். அவர் கேட்டது சரி. கடைசியில் மூடி போடும் வேலையையே ஒன்பதரைக்குப் பிறகு மாற்றி, காலையில் கம்பி இணைக்கும் வேலையை முன்னால் கொண்டுவந்தார்கள். அந்த யோசனை அவருடையது.

மூன்றாவது கருவியில் பெரிய கதை இல்லை. 60 வேண்டிய இடத்தில் 49 இருந்தது, சரிசெய்தோம். மின்சுற்றுப் பலகைகள் தளராமல் இருந்ததற்கு அவற்றின் ஸ்பிரிங் வாஷர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது கருவி இன்னும் உறுத்துகிறது. மென் அடாப்டரில் அதன் சராசரி முதல் கருவியை ஒட்டியே 36. ஆனால் 30க்கும் 41க்கும் இடையே தாவியது. வளையத்தைத் திருப்பிச் சராசரியை உயர்த்தலாம், தாவலை அடக்க முடியாது. திறந்து பார்த்ததில் கிளட்ச் பந்துகள் உட்காரும் பள்ளங்களில் ஒன்று தேய்ந்து பளபளத்தது. நேரடியாகச் சொருகும் பழைய சோதனையில் எல்லாக் கருவிகளுமே சிதறியதால், இது தனியாகத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. பழுதுபார்க்கக் கீழே அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் வளையத்தைத் தொடாமல் எனக்குச் சொல்லி அனுப்புவதாக அக்கா சொல்லியிருக்கிறார். புதிய நோட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் எந்த அடாப்டர், எத்தனை சுற்று என்று எழுத ஒரு கட்டம் கோடு போட்டுத் தயாராக இருக்கிறது.